அறிவதற்கும் அறுப்பதற்கும் இடையே

2013 மே 14-ம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஏஞ்ஜலீனா ஜோலி எழுதிய சிறு குறிப்பு வெளிவந்தபோது, அதைப் படிக்காமலேயே அபிப்பிராயம் சொன்னவர்களில் நானும் ஒருவன். சினிமா நட்சத்திரம் தன் ஆபரேஷனையும் ஒரு வெளியீட்டு விழாவாக நடத்திக்கொள்கிறார் என்று நண்பர்கள் நடுவே சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. வாசகத்தில் கொஞ்சம் சாமர்த்தியம் இருந்ததால் அது இரண்டு மூன்று இடங்களில் திரும்பச் சொல்லப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. குறிப்பை நான் படித்தது வெகு நாட்களுக்குப் பிறகு, அதுவும் ஃபேனி பர்னியின் கடிதம் ஒன்றைப் படிக்க நேர்ந்து, அதன் வழியாகத்தான். இந்தக் கட்டுரை அந்தச் சாமர்த்தியத்துக்குப் பரிகாரம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பரிகாரம் மட்டும் அல்ல. அன்று எழுந்த கூச்சலில், அதன் பாராட்டிலும் வசையிலும் ஒருசேர, இருநூறு வருஷத்துப் பழைய வழக்கு ஒன்றுதான் நடந்துகொண்டிருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வழக்கு பெண்ணின் முலையைப் பற்றியது போலத் தெரியும். உண்மையில், அறிவதற்கும் அறுப்பதற்கும் இடையே உள்ள காலம் யாருடையது என்பதுதான் வழக்கு.

(மருத்துவத் தமிழ் 'மார்பகம்' என்கிறது. சங்கக் கவிஞர்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கும் வேண்டாம் என்று நினைக்கிறேன். கண்ணகியைத் துணைக்கு அழைக்கும் உத்தேசமும் இல்லை. அவள் கோபத்தில் செய்ததற்கும் இந்தப் பெண் கணக்குப் பார்த்துச் செய்ததற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மில் யாராவது அவளை இழுத்து வந்துவிடுவதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.)

குறிப்பில் உள்ள விஷயங்கள் சொற்பம். அம்மா மார்ஷலீன் பெர்ட்ராண்ட் பத்து வருஷத்துக்குச் சற்றுக் குறைய புற்றுநோயுடன் போராடி 2007-ல், 56 வயதில், இறந்துபோனார். பி.ஆர்.ஸி.ஏ.1 என்ற ஜீனில் உள்ள பழுது மகளிடமும் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர்களின் மதிப்பீட்டில் முலைப் புற்றுநோய் வரும் சாத்தியம் 87 சதவீதம். சினைப்பையில் வரும் சாத்தியம் 50 சதவீதம். பிப்ரவரி 2-ல் தொடங்கி ஏப்ரல் 27-ல் முடிந்த சிகிச்சைகளில் இரு முலைகளின் திசுவும் அகற்றப்பட்டு இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது. 87 என்பது 5-க்கும் கீழே இறங்கியது. அப்போது அவருக்கு வயது 37. அந்த மூன்று மாதமும் யாருக்கும் தெரியாமல் தன் வேலைகளைக் கவனித்துவந்திருக்கிறார். பரிசோதனைக்கு அமெரிக்காவில் 3000 டாலருக்கு மேல் ஆகிறது, பல பெண்களுக்கு அது எட்டாது என்பதையும் எழுதியிருக்கிறார். மொத்தத்தில் குறிப்பின் நடை வீட்டுக்கணக்கு நோட்டின் நடை. இன்ன வரவு, இன்ன செலவு, மீதி இன்னது. என் சாமர்த்தியமான வாசகத்தில் இருந்த அளவு நாடகம் கூட அதில் இல்லை.

இதற்கு வந்த பதில் என்ன? ப்ராட் பிட் அதை வீரம் என்றார், கணவனாகப்போகிறவர் சொல்லக்கூடியதுதான். ஆனால் பத்திரிகைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டைம் பத்திரிகை மே 27 தேதியிட்ட இதழில் அவரை அட்டையில் போட்டது. இன்னொரு பக்கம், நல்ல உடம்பை வெட்டிக்கொள்வது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். பணக்காரியின் ஆடம்பரம் என்றார்கள். அழகு சிகிச்சைக்கு ஒரு சாக்கு என்றார்கள். அந்த அழகு போய்விட்டதே என்று தங்களுக்கே நஷ்டம் வந்தது போல அங்கலாய்த்த ஆண்கள் இருந்தார்கள். பிட்டுக்காக இரக்கப்பட்டவர்களும் உண்டு. பரிசோதனையின் ஏகபோகம் மிரியட் ஜெனடிக்ஸ் என்ற கம்பெனியின் கையில் இருந்ததாலும், குறிப்பு வெளிவந்த அன்று அதன் பங்கு விலை ஏறியதாலும், எல்லாமே ஏற்பாடு என்று துப்பறிந்தவர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றிலும் யோசிக்கவைத்த குரல் பாடகி மெலிஸா எதரிட்ஜுடையது. 2004-ல் அவருக்கே முலைப் புற்றுநோய் வந்தது. அடுத்த வருஷம் கிராமி மேடையில் மொட்டைத் தலையுடன் நின்று பாடினார். 2013 ஜூனில் அவர், ஜோலி செய்தது துணிச்சல் அல்ல, பயத்தில் எடுத்த முடிவு என்கிற பொருளில் சொன்னார். நோயை உள்ளிருந்து கண்டவர் சொன்னதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கவனியுங்கள். பிட்டின் வீரமும் எதரிட்ஜின் பயமும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள். இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்பதே அந்தக் கேள்வி. அவர் முன்வைத்தவை எண்கள். உலகம் திருப்பிக் கொடுத்தது நன்னடத்தைச் சான்றிதழ். சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போட மறுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எண்களைப் பற்றிப் பேச எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இனி, என்னை இதற்குள் கொண்டுவந்த கடிதம். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30-ம் தேதி பாரிஸில் அவருடைய வீட்டிலேயே ஆபரேஷன் நடந்தது. அறுத்தவர் நெப்போலியன் படையின் புகழ்பெற்ற சர்ஜன் பாரன் லாரே. ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரிய இன்னும் 35 வருஷம் இருந்தது. குடிக்கக் கொடுத்தது கொஞ்சம் மது கலந்த மருந்து. முகத்தின்மேல் போட்டது ஒரு மெல்லிய கைக்குட்டை. அது மெல்லியதாக இருந்ததால் அதன் வழியே கட்டிலைச் சுற்றி நின்ற ஏழு ஆண்களையும் கத்தியின் பளபளப்பையும் அவரால் பார்க்க முடிந்தது. இன்ன நாளில் நடக்கும் என்பதை முன்னால் அவருக்குச் சொல்லவில்லை. சில மணி நேரத்துக்கு முன்புதான் சேதி வந்தது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் வேதனை வேண்டாம் என்ற கருணைதான். அந்தக் கருணையை அவரும் ஏற்றுக்கொண்டவர்தான். கணவர் பார்க்கக்கூடாது என்று அவரை வெளியே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தவரும் பர்னியே.

கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. முலையை யார் பிடித்துக்கொள்வது என்று லாரே சுற்றி நிற்பவர்களைக் கேட்கிறார். பதில் சொல்பவர் பர்னி. தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கையை வைக்கிறார். அவர்கள் அனுமதிக்கவில்லை. வீரம் என்ற சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது! நடப்பதில் தனக்கும் ஒரு கை இருக்கட்டும் என்று ஒருத்தி கேட்கிறார். அவ்வளவுதான் அங்கே நடப்பது. அக்கா எஸ்தருக்கு இதை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதம் பிடித்தது; திரும்பப் படித்துப்பார்க்க முடியாமல் தலைவலி வந்ததாகச் சொல்கிறார். எழுதியதற்கு அவர் கொடுக்கும் காரணங்கள் இரண்டு. இங்கிலாந்துக்கு அரைகுறைச் சேதி போய்ச் சேருமுன் சரியான சேதி போகவேண்டும். வீட்டுப் பெண்களில் யாருக்காவது இப்படி வந்தால் தன்னைப்போலத் தாமதிக்கக்கூடாது. இருநூறு வருஷம் கழித்து ஜோலி தன் குறிப்புக்குச் சொல்லும் காரணங்களும் ஏறக்குறைய இவையே. பர்னி 1840 வரை, 87 வயது வரை, இருந்தார். இந்த 87 வெறும் தற்செயல், எழுதும்போதுதான் கவனித்தேன்.

மயக்க மருந்து வந்தது பெரிய விடுதலை. ஆனால் அது ஒன்றைப் பறித்துக்கொண்டது என்பதைக் கவனிக்கவேண்டும். பர்னி விழித்திருந்தார், இனி வந்த பெண்கள் தூங்கினார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-ல் தன் ஐம்பது கேஸ்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பின், முலையோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பது முறையாகிவிட்டது. அமெரிக்காவில் இது முக்கால் நூற்றாண்டுக்கு மேல் சட்டம் போல இருந்தது. அதோடு வந்த வழக்கம்: கட்டியோடு வரும் பெண்ணிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வது, மயக்கத்தில் கிடக்கும்போதே கட்டியில் துண்டு எடுத்துச் சோதிப்பது, புற்றுநோய் என்றால் எழுப்பாமல் அப்போதே முலையை எடுத்துவிடுவது. கண் விழித்ததும் கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்துத்தான் அவர்கள் தங்கள் நோயைத் தெரிந்துகொண்டார்கள். அறிவதும் அறுப்பதும் ஒரே தூக்கத்தில் முடிந்துவிட்டன.

இந்தத் தூக்கத்தை எதிர்த்துச் சண்டைபோட்டவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974-ல் தனக்குக் கட்டி கண்டபோது, முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவை என்னிடம் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். இந்தச் சாதாரணக் கோரிக்கைக்குச் சம்மதிக்கும் சர்ஜனைத் தேடி அவர் ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுப்பார்க்க வேண்டியிருந்தது. அதே வருஷம் செப்டம்பர் 28-ல் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ஆபரேஷன். முதல் நாள் குஷ்னர் வெள்ளை மாளிகைக்குப் போன் செய்து, இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள் என்று மன்றாடியிருக்கிறார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நான் விளக்கப்போவதில்லை.

பெட்டி ஃபோர்டுக்குச் சேரவேண்டிய பெருமை வேறு. அந்த வார்த்தையையே வெளியே சொல்லாத ஒரு தேசத்தில் அவர் சொன்னார்; சொன்னதால் பெண்கள் பரிசோதனைக்குத் திரண்டார்கள். உபஜனாதிபதியாக நியமிக்கப்பட்டிருந்த ராக்கஃபெல்லரின் மனைவி ஹாப்பி தன்னைத் தானே சோதித்துப் பார்த்து, அக்டோபரில் அவரும் முலையை இழந்தார். அதே செப்டம்பர் இறுதியில், பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் முதல் முடிவுகள், ஹால்ஸ்டெட் முறை சிறிய ஆபரேஷனைவிட உயிரை அதிகம் காப்பாற்றிவிடவில்லை என்று காட்டின. குஷ்னர் 1975-ல் புத்தகம் எழுதினார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். கடைசியில், 1979-ல் அரசாங்க ஆரோக்கிய நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, சோதனையும் ஆபரேஷனும் இரண்டு கட்டமாக நடக்கவேண்டும் என்று சொல்லியது. குழுவில் டாக்டர் அல்லாத நபர் குஷ்னர் ஒருவரே. சில நாட்கள் கிடைத்தன. அவ்வளவுதான் வெற்றி. ஒரு பெண் தன் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய் அழுது, யோசித்து, யாரையாவது கேட்டு, திரும்பி வருவதற்கான சில நாட்கள்.

இலக்கியத்தின் பக்கம் இருந்தும் இரண்டு பேர். சூஸன் ஸாண்டாக் 1975-ல் ஆபரேஷன் செய்துகொண்டார். 1978-ல் நோயையும் உருவகத்தையும் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. நோயை நோயாகப் பாருங்கள், போர் என்றும் தண்டனை என்றும் குணதோஷம் என்றும் பார்க்காதீர்கள் என்று வாதாடும் அந்தப் புத்தகத்தில், தனக்கே அந்த நோய் வந்ததை அவர் சொல்லவே இல்லை. அது நேர்மையா தப்பித்தலா என்று நம்மிடையே முன்பு விவாதம் நடந்ததுண்டு. கவிஞர் ஆட்ரி லார்ட் நேர்மாறு. 1978-ல் ஒரு முலையை இழந்தபின், பொய் முலை வைத்துக்கொள்ள மறுத்தார். அப்படியே சர்ஜனின் அறைக்குப் போனபோது, இது இங்குள்ளவர்களின் மனோதைரியத்துக்கு நல்லதல்ல என்று நர்ஸ் சொன்னதை 1980-ல் வந்த தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். மோஷே தயான் ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு நடக்கும்போது எவனும் கண்ணாடிக் கண் வைத்துக்கொள் என்று சொல்வதில்லையே என்று கேட்டார். லார்ட் இருந்திருந்தால் ஜோலியின் இம்ப்ளான்டை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் வீரம், பயம் என்று பேசியிருக்க மாட்டார் என்பதும் நிச்சயம். யாருடைய கண்களுக்காக என்று மட்டும் கேட்டிருப்பார்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. குஷ்னரும் அவர் தலைமுறைப் பெண்களும் போராடியது முலையைக் காப்பாற்ற, வெட்டுவதைக் குறைக்க. அந்தப் போராட்டத்தின் வாரிசு என்று, நோயே இல்லாத இரண்டு முலைகளையும் எடுக்கச் சொன்ன ஒருவரை எப்படிச் சொல்வது? ஹால்ஸ்டெட் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டாரா? 2013-ல் பெண்ணியவாதிகள் சிலர் பட்ட சங்கடம் இதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குஷ்னரின் கோரிக்கையைத் திரும்பப் படியுங்கள். வெட்டாதே என்றா கேட்டார்? முதலில் எனக்குச் சொல், பிறகு நான் சொல்கிறேன் என்றுதான் கேட்டார். கத்தியின் அளவு அல்ல, கத்திக்கு முந்திய காலம்தான் விஷயம். 1979-ல் நாட்களாகக் கிடைத்தது ஜோலியின் தலைமுறைக்கு வருஷங்களாகக் கிடைத்தது. நோய்க்கு முன்பே அதன் பெயர் தெரிந்துவிடுகிறது.

அந்தக் காலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு சர்ஜன் பால் ப்ரோகா 1866-லேயே தன் மனைவியின் வம்சத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் முலைப் புற்றுநோயில் மடிந்ததைப் பட்டியல் போட்டு வெளியிட்டிருந்தார். அது ரத்தத்தோடு வருகிறது என்ற சந்தேகம் நிரூபணம் ஆகாமலே கிடந்தது. 1990-ல் மேரி-க்ளேர் கிங், இத்தகைய குடும்பங்களில் காரணம் 17-ம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். பலர் நம்பத் தயாராக இருக்கவில்லை. 1994-ல் யூட்டாவில் ஒரு குழு அந்த ஜீனையே பிரித்தெடுத்தது. மிரியட் கம்பெனி அதற்குப் பேட்டன்ட் வாங்கிக்கொண்டது. ஒரு பெண்ணின் உடம்பில் பிறவியிலேயே இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரன் ஒரு கம்பெனி. அவள் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள அதற்குக் கப்பம் கட்டவேண்டும். 3000 டாலரின் ரகசியம் இதுதான். ஜோலியின் குறிப்பு வந்து சரியாக முப்பதாவது நாள், 2013 ஜூன் 13-ல், அமெரிக்க உச்சநீதிமன்றம் இயற்கையில் உள்ள ஜீனுக்குப் பேட்டன்ட் கிடையாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது; தீர்ப்புக்கும் குறிப்புக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவருடைய முலைகளைப் பற்றிப் பேசிய வாய்களில் எத்தனை இந்தப் பேட்டன்டைப் பற்றிப் பேசின?

இன்னொரு பொய்யையும் களைய வேண்டும்: ஏதோ இவர்தான் இதைத் தொடங்கிவைத்தார் என்பது. மேயோ கிளினிக்கில் 1960 முதல் 1993 வரை, குடும்பத்தில் நோய் இருந்த காரணத்துக்காக இந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட 639 பெண்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 1999-ல் வெளிவந்தது. நோய் வரும் சாத்தியம் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருந்தது. ஜீன் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அம்மாவையும் அத்தையையும் பெரியம்மாவையும் எண்ணிப் பார்த்து, விரல்விட்டுக் கணக்குப் போட்டு, முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்த 639 பேரை யாரும் வீராங்கனைகள் என்றோ கோழைகள் என்றோ சொல்லவில்லை. பெயர் தெரியாததால் அவர்களுடைய காலம் அவர்களுடையதாகவே இருந்தது.

குறிப்பின் பின்விளைவுகளை அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2500 பேருக்கு மேல் எடுத்த கணிப்பில், நாலில் மூன்று பேருக்கு ஜோலியின் கதை தெரிந்திருந்தது. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று சரியாகப் புரிந்துகொள்ளத் தேவையான விவரம் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கதை போய்ச் சேர்ந்தது, கணக்கு சேரவில்லை. பிரிட்டனில் 2013 ஜூன், ஜூலையில் ஆலோசனைக்கு வந்தவர்கள் முந்திய வருஷத்தைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. அவர்கள் பெரும்பாலும் குடும்ப வரலாறு உள்ளவர்கள், அதாவது வரவேண்டியவர்கள். அமெரிக்க ஆய்வு ஒன்று 2016-ல் வேறு விதமாகச் சொல்லியது. குறிப்பு வந்த பதினைந்து வேலை நாட்களில் பரிசோதனை 64 சதவீதம் கூடியது, ஆனால் ஆபரேஷன்கள் அதற்கேற்பக் கூடவில்லை, சோதிக்கத் தேவையில்லாதவர்களே அதிகம் வந்திருக்க வேண்டும் என்று. எதரிட்ஜ் சொன்ன பயத்துக்கு இதில் இடம் இருக்கிறது. ஒரு முலையில் நோய் வந்து, இந்த ஜீன் பழுது இல்லாத பெண்களும் மற்ற முலையையும் எடுத்துவிடச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் பெருகியிருக்கிறது. அதனால் ஆயுள் நீள்வதில்லை. கிடைத்த காலத்தைப் பயத்தாலும் நிரப்பலாம், கடைக்காரன் சரக்காலும் நிரப்பலாம். 87 என்ற எண்ணும் கல்வெட்டு அல்ல. 2017-ல் வந்த பெரிய ஆய்வு, பி.ஆர்.ஸி.ஏ.1 பழுதுள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் சாத்தியத்தை 72 சதவீதம் என்று மதிப்பிட்டது. 72 என்றால் அவர் வேறு முடிவு எடுத்திருப்பாரா? அது அவர் யோசிக்க வேண்டிய கேள்வி. என் நண்பர்கள் மத்தியில் நான் தீர்த்துவைத்த கேள்வி அல்ல.

2015 மார்ச்சில் ஜோலி மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார். 39 வயதில் மாதவிலக்கு நின்றுபோகும், இனிக் குழந்தை கிடையாது, உடம்பே வேறாகிவிடும். எந்த வகையில் பார்த்தாலும் முதல் ஆபரேஷனைவிடப் பெரிய இழப்பு. ஆனால் 2013-ன் கூச்சலில் கால் பங்குகூட அப்போது என் காதில் விழுந்ததாக ஞாபகம் இல்லை. சினைப்பையைத் திரையில் பார்த்தவர்கள் யாரும் இல்லையே.

அந்த இரண்டாவது குறிப்பில் ஒரு பத்தி இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சில அளவுகள் கூடியிருக்கின்றன, ஆரம்பநிலைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிடுகிறார். மேற்கொண்டு செய்த சோதனைகளின் முடிவு தெரிய ஐந்து நாட்கள் ஆகின்றன. அந்த ஐந்து நாளும் எதுவும் மனசில் பதியாமல் கழிந்ததாக எழுதுகிறார். அதில் ஒரு நாள் குழந்தைகளின் கால்பந்தாட்டத்துக்குப் போய் மைதானத்தின் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.